சீனர் வீட்டு மணிக்கூடு

ஒஸ்லோத் தமிழருக்குப் பெண் பார்க்க இடம் தேடுவது பெரும்பாடு. வீட்டுக்கு அழைத்தால் அடுக்குமாடி பிளொக் முழுவதற்கும் தெரிந்துவிடும். சரிவராமற் போனால் பிள்ளையின் பெயர் கெடும். கோயிலில் வைத்தால் அர்ச்சனைத் தட்டோடு நிற்கிற அத்தனை பேரும் கண்ணாலேயே நகைநட்டு வரை பேசி முடித்துவிடுவார்கள். ஆகவே இரண்டு பகுதியும் ஏதாவது ஒரு பொது இடத்துக்குத் தற்செயலாக வருவதுபோல் வந்து நிற்கும். பிடித்தால் பேச்சுத் தொடரும். பிடிக்காவிட்டால் அப்படி ஒரு சந்திப்பு நடக்கவேயில்லை. பிடித்துக் கலியாணமே முடிந்தாலும், இன்ன இடத்தில் வைத்துப் பார்த்தோம் என்று யாரும் பிறகு வாய் திறப்பதில்லை. எழுதாத சட்டம்.

2006ஆம் ஆண்டு ஒக்டோபரில் பூமணி தன் மகள் கம்சிகாவுக்காகத் தேர்ந்தெடுத்த இடம், வோலரெங்காவில் பழைய மரவீடுகளுக்கு நடுவே இருந்த சீனர் வீடு. லூ சென்பிங் என்ற சீனப் பயணி நூறு வருஷத்துக்கு முன் நடந்தும் வண்டியேறியும் ரஷ்யாவைக் கடந்து வந்து, இனிப் போவதில்லை என்று தங்கிவிட்ட வீடு அது. அவர் இறந்தபின் அயலவர்கள் ஒரு சங்கம் வைத்து, அவர் விட்டுப்போனபடியே அதைக் காப்பாற்றி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திறப்பார்கள். தமிழாள் ஒருத்தர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அந்த ஒரு தகுதிக்காகவே பூமணிக்கு அந்த வீடு பிடித்துப்போயிற்று.

செய்தி கமலாதேவியின் காதுக்கு வெள்ளிக்கிழமை வந்தது. கொண்டுவந்தவள் புளோறன்ஸ். இருவரும் ஒரே முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. புளோறன்ஸின் புருஷன் வின்சென்ற் மினிபஸ் ராக்சி ஓட்டுகிறவர். ஸ்தவாங்கரிலிருந்து விமானத்தில் வருகிற ஒரு தாயையும் மகனையும் ஞாயிறு மத்தியானம் ஏற்றிச் சீனர் வீட்டு வாசலில் இறக்கவேண்டுமாம். அவருக்கு வந்த ஓட்டம் அது. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே புளோறன்ஸ் இதைச் சொன்னாள். மாப்பிள்ளை எண்ணெய்க் கொம்பனியில் எஞ்சினியர், பெயர் அபிலாஷ், தாய் சிவநாயகி என்று அவள் சொல்லி முடிக்கும்போது கமலாதேவியின் கையிலிருந்த கத்தி நின்றுவிட்டது.

அந்தப் பெயர்கள் அவளுக்குப் புதியவை அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் அதே அபிலாஷைத்தான் அவளுடைய மகள் யதுர்ஷாவுக்குப் பேசியிருந்தது. நேரில் கண்டதில்லை. எல்லாம் தரகர் மூலம். சாதகம் பொருந்தி, படம் போய் வந்து, நாள் பார்க்கிற கட்டம். அந்த நேரத்தில் ஸ்தவாங்கரில் சிவநாயகி வீட்டு ரெலிபோன் அடித்திருக்கிறது. பெயர் சொல்லாத ஒரு பெண்குரல். அந்தப் பிள்ளை வலிப்புக்காரி, சின்ன வயதில் தலையில் வயர் பூட்டிச் சோதித்தவர்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. மறுநாளே சாதகம் திரும்பி வந்தது. கதை பரவியது. அதற்குப்பின் வந்த இரண்டு இடங்களும் வாசலோடு நின்றன. யதுர்ஷா துறொண்ட்ஹெய்மில் ஒரு வேலை எடுத்துக்கொண்டு போனவள், தீபாவளிக்கும் வருவதில்லை.

பிள்ளை ஒரேயொரு தரம் மயங்கி விழுந்ததென்னவோ உண்மை. தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டியில், வெறும் வயிற்றோடு ஓடி. ஆஸ்பத்திரியில் தலைக்கு வயர் பூட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அன்று கமலாதேவி வேலையில் நின்றாள். பிள்ளையின் கட்டிலருகே இருந்தது பூமணி. புருசெத்தில் ஒரே பிளொக்கில் மேலும் கீழும் குடியிருந்து, ஒரு சட்டியில் கறி வைத்து இரண்டு வீட்டிலும் தின்ற காலம் அது. பூமணிக்கு நோர்வேஜியன் பிடிபடவில்லை. டொக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் அவளுக்கு வாயாக இருந்தது கமலாதேவிதான். அந்த வயர் விஷயம் குடும்பத்துக்கு வெளியே தெரிந்த ஒரே ஆள் பூமணி.

ஆகவே யார் என்பது கமலாதேவிக்கு அன்றைக்கே தெரியும். ஏன் என்பதுதான் இரண்டு வருஷமாகத் தெரியாமல் இருந்தது. பொறாமை என்று நினைத்திருந்தாள். இப்போது உருளைக்கிழங்குத் தோலுக்கு நடுவே விடை கிடைத்துவிட்டது. சூடு ஆறும்வரை பூமணி காத்திருந்திருக்கிறாள்.

புருஷன் குலசேகரத்திடம் அவள் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் வழக்கம்போல, விடப்பா, ஊர்வாயை மூடேலுமோ என்பார். இரண்டு வருஷமாக அவள் விட்டுக்கொண்டுதான் இருந்தாள். படியில் பூமணியின் காலடி கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்று, அது கடந்தபின் வெளியே போவாள். இனி அது முடியாது. சிவநாயகியின் முகத்துக்கு நேரே சொல்வதற்கு ஒரு வசனம் தயார் செய்தாள். முதலில் நீளமாக வந்தது. வெட்டிச் சுருக்கினாள். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: “உங்களுக்கு ரெலிபோன் எடுத்தது இவதான். உங்கட மகனைத் தன்ர மகளுக்குப் பிடிக்கத்தான் எடுத்தவ.” அதில் ஒரு பொய் இல்லை. அதுதான் அதில் விசேஷம்.

ஞாயிற்றுக்கிழமை கலியாணவீட்டுக்குப் போவதுபோல் உடுத்து, மேலே கோட்டைப் போட்டு, புளோறன்ஸ் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். ஹெல்ஸ்பீர் நிலையத்தில் இறங்கி ஈர இலைகளை மிதித்துக்கொண்டு நடந்தாள். சீனர் வீடு மஞ்சள் மரப்பலகை வீடு. குனிந்து நுழையவேண்டிய வாசல். உள்ளே வழிகாட்டி நின்றார். இங்கெபோர் என்ற பெயருள்ள, ஓய்வுபெற்ற ரீச்சர். சப்பாத்தைக் கழற்றித் துணிச்செருப்பு மாட்டவேண்டும் என்று ஒரு பெட்டியைக் காட்டினார். அந்தப் பெட்டியடியில் குனிந்து நின்ற பெண் நிமிர்ந்தாள். பூமணி.

பூமணியின் முகம் வெளுத்துப்போனதைக் கமலாதேவி நின்று பார்த்தாள். இரண்டு வருஷத்தில் கண்ட முதல் நல்ல காட்சி.

பூமணிக்கு ஓடவும் வழியில்லை, கதைக்கவும் வழியில்லை. இரண்டு முழம் தள்ளிச் சிவநாயகி நிற்கிறாள், பக்கத்தில் அபிலாஷ், இந்தப் பக்கம் கம்சிகா. சட்டப்படி அங்கே எவருக்கும் எவரையும் தெரியாது. இங்கெபோர் சிரித்தபடி, நீங்கள் எல்லோரும் ஒரே கூட்டமா என்று கேட்டார். இல்லை என்று சிவநாயகியும், இல்லை என்று பூமணியும், இல்லை என்று கமலாதேவியும் அடுத்தடுத்துச் சொன்னார்கள். ஒரே நிறத்தில் ஐந்து பேர், மழை நாளில், வேறெவரும் வராத வீட்டில். ரீச்சர் ஏதோ விளங்காத சங்கதி என்று விட்டுவிட்டார். வீடு சின்னது, தனித்தனியே சுற்றக்கூடாது, எல்லோரும் என்னோடு அறை அறையாக வாருங்கள் என்றார்.

சொல்லவந்ததை அந்த இடத்திலேயே கமலாதேவி சொல்லியிருக்கலாம். ஆனால் பூமணியின் கண் தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் அவளுக்கு அவசரம் போய்விட்டது. இவ்வளவு நாள் கதவுக்குப் பின்னால் நின்றது தான். இப்போது அறை அறையாகப் பூமணி நிற்கட்டும்.

கீழ் அறையில் லூவின் பயணப் பெட்டிகளும், தேய்ந்து முன்பக்கம் வாய் பிளந்த சப்பாத்துகளும், மூங்கில் சட்டத்தில் கட்டிய முதுகுச் சுமையும் இருந்தன. ரீச்சர் பாலைவனத்தைப் பற்றியும் பனியாற்றைப் பற்றியும் சொல்லிக்கொண்டு போனார். சிவநாயகி அதொன்றையும் கேட்கவில்லை. முந்தி ஒருமுறை ஏமாறப்பார்த்தவள், இந்தமுறை முழுதாகச் சோதிக்கிற தீர்மானத்தோடு வந்திருந்தாள். தூரத்தில் தொங்கிய ஒரு பலகையைக் காட்டி, கண் தெரியவில்லை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கம்சிகாவிடம் கேட்டாள். கண்ணும் குரலும் ஒரே தடவையில் பரிசோதனையாயிற்று. கைக்குட்டையைத் தவறவிட்டாள். கம்சிகா குனிந்து எடுத்தபோது இடுப்பையும் முழங்காலையும் பார்த்தாள். கோட்டில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிடச் சொல்லி விரல்களையும் நகத்தையும் பார்த்தாள். கம்சிகா பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாம் செய்தாள்.

மாப்பிள்ளை வாட்டசாட்டமானவன்தான். லூவின் சுமையை முதுகில் ஏற்றிப் பார்க்க விருப்பமா என்று ரீச்சர் அவனைக் கேட்டார். அவன் தாயைப் பார்த்தான். தாய் தலையை ஆட்டினாள், வேண்டாமென்று. அவனும் வேண்டாமென்றான். எந்த இடத்தில் வேலை என்று கம்சிகா அவனிடம் மெல்லக் கேட்டதற்குப் பதில் சொன்னது சிவநாயகி. பிறகு மகனிடம், அறை குளிர்கிறது, ஜாக்கெற்றைப் பூட்டு என்றாள். முப்பது வயது எஞ்சினியர் கழுத்துவரை இழுத்துப் பூட்டினான்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற கமலாதேவிக்கு ஏதோ இடறியது. யதுர்ஷாவின் முகத்தைக் கம்சிகாவின் இடத்தில் வைத்துப் பார்த்தாள். கைக்குட்டைக்குக் குனிகிற யதுர்ஷா. உடனே அந்த நினைப்பைத் தள்ளிவிட்டாள்.

மேல்மாடத்துக்கு ஏணி மாதிரி ஒரு படி. சிவநாயகிக்கு முழங்கால் வருத்தம். தான் கீழே மர வாங்கில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள். அவள் இருந்ததும் மகனும் பக்கத்தில் இருந்தான். மற்ற மூவரும் ரீச்சரோடு ஏறினார்கள்.

மேலே லூவின் படுக்கையறை. ஒடுங்கிய கட்டில், மடித்த போர்வை. தலைமாட்டுச் சுவரில் ஒரு மணிக்கூடு நடந்துகொண்டிருந்தது. அதற்கு ஞாயிறு தோறும் தானே சாவி கொடுப்பதாக ரீச்சர் சொல்லிவிட்டு, அதன் கதையைத் தொடங்கினார். விரைவாகச் சொன்னார். பூமணிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கம்சிகா யன்னலோரம் போய்விட்டாள். பூமணி, எத்தனையோ வருஷப் பழக்கத்தில், தன்னை மறந்து கமலாதேவியின் பக்கம் திரும்பினாள். திரும்பியபிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கு விளங்கியது.

கமலாதேவி மொழிபெயர்த்தாள். இரண்டு வருஷத்தின்பின் அவளோடு கதைத்த முதல் வார்த்தைகள் அவை.

“இந்தச் சீனர் ஊரில இல்லாத நேரம், இவர் செத்துப்போனார் எண்டு சொல்லித் தம்பிக்காரன் செத்தவீடும் செய்து, இருந்ததெல்லாத்தையும் எடுத்துப்போட்டானாம். உயிரோட இருக்கேக்கை செத்தவீடு. இவர் ஒண்டுமே கேக்கேல்லையாம். இஞ்சை இருந்துகொண்டு ஒவ்வொரு வருஷப்பிறப்புக்கும் தம்பிக்கு ஒரு மணிக்கூடு அனுப்பினவராம். இஞ்சத்தை ஆக்கள், எவ்வளவு பாசமான தமையன் எண்டு கதைச்சவையாம்.”

“நல்ல மனுசன்தானே,” என்றாள் பூமணி.

“அவையின்ர ஊரில மணிக்கூடு பரிசாக் குடுக்கக்கூடாதாம், பூமணி. உன்ர காலம் முடியப்போகுது, எண்ணிக்கொண்டிரு எண்டு சொல்லுற மாதிரியாம். வேண்டாமெண்டு திருப்பிக் குடுக்கவும் ஏலாது, பரிசெல்லே. வருஷா வருஷம் வாங்கிச் சுவரில கொழுவவேணும்.”

தம்பி செத்தபிறகு கடைசி மணிக்கூடு மட்டும் திரும்பி வந்ததாம். அதைத்தான் லூ கட்டிலுக்கு மேலே மாட்டி, சாகும்வரை அதன் கீழே படுத்தாராம். பாவம், பழைய சோகம் ஒன்று என்றார் ரீச்சர். கமலாதேவிக்கு அதில் சோகம் ஒன்றும் தெரியவில்லை. அந்த ஆள் அதன் கீழே நன்றாகத் தூங்கியிருப்பார் என்றுதான் பட்டது.

அவள் எல்லோருக்கும் முன்னே படியிறங்கினாள். வசனம் நாக்கில் இருந்தது. ஆனால் அவள் வாய் திறப்பதற்கு முன்னால் சிவநாயகி அவளை வாங்குக்குக் கூப்பிட்டாள். மகனை வெளியே போய் ராக்சி வந்துவிட்டதா பார் என்று அனுப்பினாள். நீங்கள் புருசெத் பக்கமா என்று விசாரித்தாள். ஓம் என்றதும் குரலைத் தாழ்த்தினாள்.

“மேல நிக்கிற பிள்ளையைத் தெரியுமோ? சும்மாதான் கேக்கிறன். தாய் எப்பிடி ஆள்?”

படியின் நடுவில் பூமணி நின்றுவிட்டதைக் கமலாதேவி கடைக்கண்ணால் கண்டாள். கேட்காத தூரம். உதடு அசைவது மட்டும் தெரியும் தூரம்.

சிவநாயகி விடாமல் சொன்னாள். “முந்தியும் உங்கட பக்கத்தில ஒரு இடம் பேசி, கடவுள்தான் காப்பாத்தினது. ஒரு வலிப்புக்காரியை எங்கட தலையில கட்டப் பாத்தவை. அதுதான் கேட்டு விசாரிக்கிறன்.”

கமலாதேவி அவளைப் பார்த்தாள். ஒரு ரெலிபோன். யாரென்று கேளாமல், ஒரு டொக்டரிடமும் விசாரியாமல், என் பிள்ளைக்குச் செத்தவீடு செய்தவள் இவளும்தான். இவளுக்கு உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும்? பூமணியிடமிருந்து தப்பிப்பாள். பூமணி இவளிடமிருந்து தப்பிப்பாள். ஜாக்கெற் பூட்டத் தாயின் முகம் பார்க்கிற மகனோடும், கைக்குட்டையைப் போட்டு இடுப்புப் பார்க்கிற இந்த மனுசியோடும் ஒரு ஆயுள் முழுக்கச் சம்பந்தம் கொண்டாடுகிற பாக்கியம் பூமணிக்கு இல்லாமல் போகும். நான் ஏன் அவர்களைக் காப்பாற்றவேண்டும்?

“தங்கமான பிள்ளை,” என்றாள். “தாயும் அப்பிடித்தான். வாயில பொய் வராது. இந்தக் காலத்தில இப்பிடிச் சம்பந்தம் கிடையாது. விட்டிடாதேங்கோ.”

சிவநாயகியின் முகம் மலர்ந்தது. அதைப் படியில் நின்ற பூமணியும் கண்டாள். என்ன சொல்லப்பட்டது என்று அவளுக்கு விளங்கவில்லை. ஒன்றும் உடையவில்லை என்பது மட்டும் விளங்கியது. கைபிடியைப் பற்றிக்கொண்டு மெல்ல இறங்கினாள்.

வெளியே வாசல் படலையடியில், குடை விரிக்கும்போது, பின்னால் கம்சிகா ஓடி வந்தாள். தாய் உள்ளே சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அன்ரி, இது யதுவுக்குப் பேசின இடமாமே? எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். அது ஏன் குழம்பினது? அம்மாட்டைக் கேட்டால் கதையை மாத்திறா. நீங்கள் சொல்லுங்கோ, நான் ஓம் எண்டு சொல்லட்டோ?”

இந்தப் பிள்ளைக்கும் யதுர்ஷாவுக்கும் ஒரே கோப்பையில் சோறு குழைத்து மாறி மாறி ஊட்டிய கை அவளுடையது. அந்தக் கைதான் இப்போது குடையைப் பிடித்திருந்தது. ஒரு சொல் போதும், எல்லாவற்றிலிருந்தும் இவளைத் தூக்கி வெளியே விடலாம். அந்தச் சொல் தொண்டைவரை வந்தது. அதற்குப் பின்னாலேயே துறொண்ட்ஹெய்மிலிருந்து வருகிற யதுர்ஷாவின் குரலும் வந்தது, வேலை கூட அம்மா, இந்தமுறையும் வர ஏலாது என்று.

“சாதகம் பொருந்தேல்லை, பிள்ளை. பெடியனில ஒரு குறையுமில்லை,” என்றாள் கமலாதேவி. “ஓமெண்டு சொல்லு.”

கம்சிகா அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு உள்ளே போனாள்.

சித்திரையில் கலியாணம். அதற்கு முன் ஒருநாள் மாலை பூமணி பழத்தட்டும் குங்குமமுமாகக் கமலாதேவியின் வீட்டு மணியை அடித்தாள். குலசேகரத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பகை தீர்ந்தது என்று அவரே தேத்தண்ணி போட எழும்பிப் போனார். இருவரும் கதிரையில் எதிரெதிரே இருந்தார்கள். சீனர் வீடு பற்றிப் பேச்சில்லை. அப்படி ஒரு சந்திப்பு நடக்கவேயில்லை. பூமணி அழைப்பைச் சொன்னாள், மண்டபத்தைச் சொன்னாள், கூறைச் சேலையின் நிறத்தைச் சொன்னாள். பிறகு தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

கமலாதேவி காத்திருந்தாள். யதுர்ஷாவின் படம் பூமணிக்கு நேரே அலுமாரிமேல் இருந்தது. பூமணி அதை இரண்டுதரம் பார்த்தாள். யது எப்படி இருக்கிறாள் என்ற ஒரு கேள்வி, அது போதும். பரிசுக்குக் குத்துவிளக்கு வாங்கி வைத்திருக்கிறேன், நீ கேட்டால் அதைத்தான் கொடுப்பேன் என்று கமலாதேவி மனதுக்குள் சொன்னாள். உண்மையாகவே வாங்கி வைத்திருந்தாள். அறைக்குள் கட்டிலடியில் பெட்டியோடு இருந்தது.

“நீ பெரிய மனுசி, கமலா,” என்றாள் பூமணி. எழுந்து போனாள்.

கமலாதேவி கதவைச் சாத்தினாள். மறுநாள் கடைக்குப் போனாள்.

எங்கள் ஆட்களின் கலியாணத்தில் மணிக்கூடு கொடுப்பது புதுமையல்ல. நல்லூர்க் கோபுரம் போட்டது, பிள்ளையார் போட்டது, கண்ணாடிப் பூப்போட்டது என்று ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இரண்டு மூன்று தொங்கும். கமலாதேவி வாங்கியது பெரியது, பொன்நிறச் சட்டம் போட்டது. பெட்டியை எறிந்துவிட்டு, பற்றரி போட்டு, நேரம் சரிபார்த்து, உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடித்தாளால் சுற்றினாள். குலசேகரம், நல்ல வடிவாயிருக்கு என்றார்.

மண்டபத்தில் வாழ்த்துகிறவர்கள் வரிசையாக மேடையேறினார்கள். வீடியோக்காரர் எவரையும் லேசில் விடவில்லை. பரிசைக் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் தன்னைப் பார்க்கவேண்டும், பெண்ணின் தாயும் மாப்பிள்ளையின் தாயும் இரண்டு பக்கமும் நிற்கவேண்டும். கமலாதேவி மணிக்கூட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினாள். மேளம் ஓய்ந்திருந்தது. கிட்ட நின்றவர்களுக்கு அது நடக்கிற சத்தம் கேட்டது.

பூமணி கண்டுவிட்டாள். மேல்மாடத்தில் கமலாதேவி சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவள் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியது. வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தாள். என்ன சொல்வது? இது ஆகாது என்றால், ஏன் என்று சம்பந்தி கேட்பாள். எங்கே கேள்விப்பட்டாய் என்பாள். கமலா கொடுத்தால் உனக்கென்ன பயம் என்பாள். பக்கத்தில் சிவநாயகி வாயெல்லாம் பல்லாக நின்றாள். அன்றைக்குக் கீழே வாங்கில் இருந்தவள், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

“நல்ல பெரிசு,” என்றாள் சிவநாயகி. “எங்கட ஹோலில, வாசலுக்கு நேர கொழுவலாம். சம்பந்தி வரேக்கையெல்லாம் கண்ணில படும். வாங்குங்கோவன், சம்பந்தி.”

பூமணி இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணாடித்தாள் சரசரத்தது. சிரியுங்கோ அம்மா என்றார் வீடியோக்காரர். அவள் சிரித்தாள்.

கமலாதேவி மணமக்கள் தலையில் அறுகரிசி தூவினாள். அபிலாஷ் தாயைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டான். கம்சிகா கும்பிடவில்லை. அன்று யன்னலோரம் நின்றவள் அவள். ரீச்சர் சொன்னதை மொழிபெயர்ப்பு இல்லாமலே கேட்டவள். மணிக்கூட்டைப் பார்த்தாள், கமலாதேவியின் முகத்தைப் பார்த்தாள். கடைசியாக, மாலையின் பாரத்தோடு கழுத்தை மெல்லத் திருப்பி, தன் தாயைப் பார்த்தாள்.

“அம்மா,” என்றாள், வீடியோவில் விழாத குரலில். “அன்ரிக்கு நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

எல்லாரும் இஞ்சை பாருங்கோ என்றார் வீடியோக்காரர். கமலாதேவி நேராக நின்று பார்த்தாள்.